குழிகளால் வழி சொன்ன கல்

மைசூரிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை குண்டலுப்பேட்டையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை பந்திப்பூர், முதுமலைக் காடுகளின் வழியே உதகைக்கு ஏறுகிறது. மற்றொன்று வயநாட்டின் சுல்தான் பத்தேரிக்குச் செல்கிறது. கன்னடரும் தமிழரும் மலையாளிகளும் வந்து கூடும் பிரிவு அது. வனவிலங்குகளின் பொருட்டு, 2009 முதல் இவ்விரு சாலைகளிலும் பந்திப்பூர்ப் பகுதியில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்துத் தடை உள்ளது. அறிவிப்பைப் படிக்க இயலாத வெளியூர்க்காரர் காட்டு வாயில் வரை சென்று திரும்ப நேரும்.

அயலாருக்கு வழி சொல்லும் இச்சிக்கல் தென்னாட்டுக்குப் புதியதன்று. தருமபுரிப் பகுதியில் கிடைத்த, 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அதியமான் பெருவழிக் காதக்கல், நாவற்றாவளத்துக்கு 29 காதம் என எழுத்தில் தெரிவிக்கிறது. அத்துடன் இரண்டு பெரிய குழிகளும் ஒன்பது சிறிய குழிகளும் அதில் வெட்டப்பட்டுள்ளன. பெரிய குழி பத்து; சிறிய குழி ஒன்று. எழுத்தறியாதவனும் வேற்றுமொழிக்காரனும் எண்ணித் தொலைவை அறியலாம். இருட்டில் விரலால் தடவியும் அறியலாம். தாவளம் என்பது வணிகர் தங்குமிடம். கல் யாரை நோக்கிப் பேசியது என்பதை அச்சொல்லே காட்டிவிடுகிறது.

கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் உள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு மற்றொரு முறையைக் கையாள்கிறது. பாலக்காட்டுக் கணவாயை நோக்கிய அந்தச் சோழர் காலப் பாதையில், ஒரே செய்தி தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டது. கணவாயின் இருபுறத்தாரையும் கருதியே இவ்வாறு செய்தனர் எனக் கொள்வது பொருந்தும். (இத்தகைய கல்வெட்டுகளை ஆராயும் இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவே 1966இல் உதகையிலிருந்து மைசூருக்கு இடம்பெயர்ந்தது.)

சாலைக் குறியீடுகளை உலகெங்கும் ஒன்றாக்க முயன்ற 1968ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் இந்தியா 1980இல் இணைந்தது. வளைவுக்கும் தடைக்கும் பொதுவான படங்கள் கிடைத்தன. ஊர்ப்பெயர்கள் அந்த ஒழுங்குக்குள் அடங்கவில்லை. 2014 நவம்பர் 1 அன்று ஆங்கில எழுத்திலும் ‘மைசூரு’ என்பதே முறையான பெயராயிற்று. கன்னடர் நாவில் அது என்றுமே மைசூருதான். தமிழ்நாட்டு அரசேடுகளில் உதகமண்டலம் என்று உள்ள ஊரைப் பயணிகள் ஊட்டி என்றே தேடுகின்றனர்.

பலகையில் எம்மொழி முதலில் நிற்பது என்ற வாதம் நியாயமற்றதன்று. ஆயினும் காட்டுச் சாலையின் இரவுத் தடைக்கு நிலவின் படமும், மூன்று மொழியினரும் அறிந்த 9, 6 என்னும் எண்களும் போதும். அவற்றை மூன்று மாநிலங்களும் ஒரே வடிவில் நிறுவிவிட்டு, மொழி வரிசை பற்றிய வழக்கைப் பிறகும் தொடரலாம்.