உயரமான ரோலர் கோஸ்டர்களும் தலைகீழ்ச் சுழற்சியும்

மகாராட்டிர மாநிலம் கோப்போலி அருகேயுள்ள இமேஜிகா பூங்காவில் 2013-இல் தொடங்கப்பட்ட ‘நைட்ரோ’, சுமார் 40 மீட்டர் உயரமுள்ள எஃகு ரோலர் கோஸ்டர் ஆகும். இது பயணிகளை ஐந்து முறை தலைகீழாகச் சுழற்றுகிறது. இதைவிட மிக உயரமான அமெரிக்க கோஸ்டர்களான மில்லினியம் ஃபோர்ஸ் (2000, 94 மீட்டர்), கிங்டா கா (2005, 139 மீட்டர்) ஆகியவற்றில் தலைகீழ்ச் சுழற்சியே அமைக்கப்படவில்லை.

உயரம் கூடினால் இறக்கத்தின் அடியில் வேகமும் கூடும். வேகம் இருமடங்கானால் அதே வளைவில் மையநோக்கு விசை நான்கு மடங்காகும். உடல் அதைத் தாங்க வேண்டுமானால் வளையத்தை மிகப் பெரிதாக்க வேண்டும்.

2019-இல் பென்சில்வேனியாவில் அமைந்த 67 மீட்டர் உயர ‘ஸ்டீல் கர்ட்டன்’ இதற்கு வேறு வழி காட்டியது. அதன் ஒரு சுழற்சி, வண்டி மெதுவாகச் செல்லும் 60 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே மிக உயரமான கோஸ்டரில் தலைகீழ்ச் சுழற்சிக்கு ஏற்ற இடம் அடிப்பகுதியன்று, உச்சிப்பகுதியே.