உலு திராமும் ஒரு பழைய கேள்வியும்

2024 மே 17, விடிவதற்கு வெகு நேரம் முன்பு, ஜொகூரின் உலு திராம் காவல் நிலையத்துக்கு 21 வயது இளைஞன் ஒருவன் பாராங் கத்தியுடன் வந்தான். ஒரு காவலரை வெட்டினான். துப்பாக்கி ஒன்றைப் பிடுங்கி இன்னொருவரைச் சுட்டான். இருவருமே இறந்தார்கள். ஒருவருக்கு வயது 22, மற்றவருக்கு 24. மூன்றாவது காவலர் காயத்தோடு திருப்பிச் சுட்டதில் வந்தவனும் செத்தான்.

முதலில் ஜெமா இஸ்லாமியா என்றார்கள். பிறகு, அவன் தனி ஆளாகச் செயல்பட்டான் என்றார் உள்துறை அமைச்சர். அதற்கும் பிறகு அவன் குடும்பத்தினர்மீது தீவிரவாதக் குற்றச்சாட்டுகள் நீதிமன்றத்துக்குப் போயின. இதெல்லாம் தெளிவாவதற்குள்ளாகவே நம் ஆட்களுக்கிடையே வழக்கமான கச்சேரி ஆரம்பித்துவிட்டது. ‘உங்க மதம் இதைக் கண்டிக்குதா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க’ என்று ஒரு பக்கம். ‘ஒரு உயிரைக் கொன்னா மனுசகுலத்தையே கொன்ன மாதிரின்னு எங்க வேதத்துல இருக்கு, படிச்சுப் பாருங்க’ என்று மறுபக்கம். கேட்பவர் பெரும்பாலும் கிறிஸ்தவர், சில சமயம் இந்து. பதில் சொல்பவர் பெரும்பாலும் மாமாக் கடையில் நமக்குத் தே தாரிக் ஆற்றித் தரும் அதே தமிழ் முஸ்லிம்.

செத்த மூன்று பேரும் முஸ்லிம்கள் என்பதை இந்த விவாதத்தில் யாரும் ஒரு தகவலாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. என் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வசனச் சண்டையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். முஸ்லிம் நண்பர் காட்டுவது ஐந்தாம் அத்தியாயத்தின் 32ஆம் வசனம். கிறிஸ்தவ நண்பர் காட்டுவது ஒன்பதாம் அத்தியாயத்தின் 5ஆம் வசனம், இணைவைப்பவர்களைக் கொல்வது பற்றியது. இருவரும் கத்தரிக்கோலோடுதான் வருகிறார்கள். 5:32 இஸ்ரவேல் மக்களுக்கு விதிக்கப்பட்டதாகச் சொல்லப்படுவது. கொலைக்கும் பூமியில் குழப்பம் விளைவிப்பதற்கும் அதில் விதிவிலக்கு உண்டு. அடுத்த வசனமே கடுமையான தண்டனைகளைப் பேசுகிறது. அதேபோல, 9:5ஐக் காட்டுகிறவர் 9:6ஐக் காட்டுவதில்லை. அதே இணைவைப்பவன் அடைக்கலம் கேட்டால் அடைக்கலம் கொடுத்து, பத்திரமான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்வது அது. யோசுவாவின் புத்தகத்தை எடுத்துவைத்து இதே ஆட்டத்தைத் திருப்பியும் ஆடலாம். ஆடுகிறார்கள். விடிய விடிய ஆடினாலும் முடியாது.

உலக அளவில் நடந்ததும் ஏறத்தாழ இதுதான். 2006 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க்கில் பேசிய போப்பாண்டவர் பதினாறாம் பெனடிக்ட், நபிகள் வாளால் மார்க்கம் பரப்பச் சொன்னார் என்ற பைசாந்தியப் பேரரசர் ஒருவரின் பழைய குற்றச்சாட்டை மேற்கோள் காட்டினார். உலகமே கொதித்தது. அப்போது இஸ்லாமிய நாடுகள் அமைப்புக்குத் தலைவராக இருந்த நம் பிரதமர் அப்துல்லா படாவியும் கண்டித்தார். ‘நாங்கள் வன்முறையாளர்கள் இல்லை’ என்று சொல்லும் எதிர்ப்பின் நடுவே மேற்குக் கரையில் தேவாலயங்கள் தாக்கப்பட்டன. சோமாலியாவில் ஓர் இத்தாலியக் கன்னியாஸ்திரி சுட்டுக்கொல்லப்பட்டார். ஓராண்டு கழித்து, 2007 அக்டோபர் 13 அன்று, 138 முஸ்லிம் அறிஞர்கள் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார்கள். இறையன்பும் அயலார் அன்பும் இரு சமயங்களுக்கும் பொது என்பது அதன் சாரம். நல்ல கடிதம். ஆனால் உலு திராம் பையன்கள் போப்பாண்டவரையும் படிப்பதில்லை, அந்த 138 பேரையும் படிப்பதில்லை.

நம் விவாதங்களில் வராத, ஆனால் எனக்கு முக்கியமாகப் படுகிற ஒன்று உண்டு. இஸ்லாத்துக்குள் மதவன்முறை பற்றிய முதல் பெரிய சண்டை கிறிஸ்தவர்களோடு நடந்ததல்ல. ஏழாம் நூற்றாண்டில், நபிகளின் மருமகன் அலியின் படையிலிருந்தே ஒரு கூட்டம் பிரிந்து போனது. மனிதர்களை நடுவராக வைத்துச் சமாதானம் பேசியதால் அலியே இறைமறுப்பாளர் ஆகிவிட்டார் என்றார்கள் அவர்கள். காரிஜியாக்கள் என்று வரலாறு அவர்களைச் சொல்கிறது. வெளியேறியவர்கள் என்று பொருள்.

அவர்களைப் பற்றி அரபு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் ஒரு கதை உண்டு. நபித்தோழர் ஒருவரின் மகனான அப்துல்லா இப்னு கப்பாபை வழியில் பிடித்தார்கள். போகும் பாதையில் மரத்திலிருந்து ஒரு பேரீச்சம்பழம் விழுந்தது. ஒருவன் எடுத்து வாயில் போட்டான். ‘காசு கொடுக்காமல் எப்படித் தின்பாய்?’ என்று இன்னொருவன் அதட்ட, துப்பிவிட்டான். பிறகு முஸ்லிம் அல்லாத ஒருவரின் பன்றியை ஒருவன் வெட்டிவிட, அதுவும் அநியாயம் என்று சொல்லி உரியவரைத் தேடிப் போய்ச் சமாதானப்படுத்தினார்கள். பிறகு அப்துல்லாவை ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் அறுத்தார்கள். கர்ப்பிணியான அவர் மனைவியையும் விடவில்லை.

இந்தக் கதையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அந்தப் பேரீச்சம்பழத்தில்தான் கண் நிற்கிறது. அவர்கள் பக்தியில்லாதவர்கள் இல்லை. பக்தி அளவுக்கு மீறிப்போனவர்கள். அலி அவர்களோடு போரிட்டார். 661இல் கூஃபாவில் அவர்களில் ஒருவன் கையால் செத்தார். இன்றுவரை முஸ்லிம் அறிஞர்கள் தீவிரவாதிகளைத் திட்டும்போது எடுக்கும் பெயர் இதுதான். ஆக, கண்டனம் பிறந்த இடம் முஸ்லிமை முஸ்லிம் கொன்ற இடம். ‘நீ உண்மையான முஸ்லிம் இல்லை’ என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதுதான் அங்கே வழக்கு.

ஜொகூரின் கதையை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 1980 அக்டோபர் 16 அன்று, வெள்ளை அங்கி போட்ட ஒரு கும்பல் வாள்களோடு பத்து பஹாட் காவல் நிலையத்தைத் தாக்கியது. தலைவன் கம்போடியாவிலிருந்து வந்தவன். தானே இமாம் மஹ்தி என்று நம்பவைத்திருந்தான். தாக்கியவர்களில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அன்றும் வெட்டுப்பட்ட காவலர்களில் முஸ்லிம்கள் இருந்தார்கள்.

உலு திராம் பெயர் உலகச் செய்தியானது அதற்கும் பின்னால். சுகார்த்தோவின் ஆட்சிக்குப் பயந்து 1985இல் மலேசியா வந்த அப்துல்லா சுங்காரும் அபு பக்கார் பஷீரும் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே லுக்மானுல் ஹக்கீம் என்ற சமயப் பள்ளியைத் தொடங்கினார்கள். முக்லாஸ் என்கிற அலி குஃப்ரான் அதன் தலைமையாசிரியராக இருந்தான். பின்னாளில் பொறுப்புக்கு வந்தவன் நூர்தீன் தோப். ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர் அசஹாரி ஹுசின் வெடிகுண்டு வல்லுநரானான். இங்கிலாந்தில் முனைவர் பட்டம் வாங்கியவன். 2002 அக்டோபர் 12 அன்று பாலியில் 202 பேர் செத்தார்கள். அதற்கு முன்பே அரசு அந்தப் பள்ளியை மூடியிருந்தது.

‘இதுக்கும் இஸ்லாத்துக்கும் சம்பந்தமே இல்ல’ என்று சொல்வது இந்த இடத்தில் எடுபடாது. முக்லாஸ் சமயம் படித்தவன், சமயம் கற்பித்தவன். ‘இதுதான் இஸ்லாம்’ என்பதும் எடுபடாது. அதற்குச் சாட்சி முக்லாஸின் சொந்த மைத்துனர். நாசிர் அபாஸ் என்ற அந்த மலேசியர் பதினெட்டு வயதில் ஆப்கானிஸ்தான் எல்லைக்குப் போய்ப் பயிற்சி பெற்று, மற்றவர்களுக்கும் பயிற்சி கொடுத்தவர். ஜெமா இஸ்லாமியாவின் ஒரு வட்டாரத் தலைவர். 1998இல் பின் லாதின் அமெரிக்கக் குடிமக்களையும் கொல்லலாம் என்று அறிவித்தபோது அதை அவர் ஏற்கவில்லை. 2003இல் இந்தோனேசியாவில் பிடிபட்டார்.

பாலி குண்டுவெடிப்பில் மரண தண்டனை பெற்ற இமாம் சமுத்ரா, சிறையிலிருந்து தன் செயலை நியாயப்படுத்தி 2004இல் ஒரு நூல் வெளியிட்டான். மறு ஆண்டே நாசிர் அபாஸ் பதில் நூல் எழுதினார். அதில் அவர் ‘இஸ்லாம் என்றாலே அமைதி’ என்று மேடைப் பேச்சு பேசவில்லை. ஜிஹாத் உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார். யாரோடு, எந்தக் களத்தில், எந்த வரம்புக்குள் என்பதே அவர் கேள்வி. போர்க்களம் இல்லாத ஊரில் ஆயுதம் ஏந்தாதவர்களைக் கொன்றதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்பது அவர் வாதம். வெளியிலிருந்து கேட்கிற நமக்கு இது போதாததுபோலத் தோன்றலாம். எனக்கும் அவருடைய வரம்புகள் எல்லாம் ஏற்புடையவை அல்ல. ஆனால் அந்தப் பாதையில் போகவிருக்கும் ஒருவனை நிறுத்தக்கூடிய பேச்சு எது என்று பார்த்தால், போப்பாண்டவருடையதும் அல்ல, நம்முடையதும் அல்ல.

இதே ஜெமா இஸ்லாமியா 2000ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் இந்தோனேசியாவின் பல நகரங்களில் தேவாலயங்களைக் குறிவைத்துக் குண்டு வைத்தது. அம்போன் கலவரத்துக்குப் பழிவாங்கல் என்றார்கள். 1999 ஜனவரியில் தொடங்கிய மலுக்கு தீவுகளின் கலவரத்தில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டது உண்மை. அதில் முஸ்லிம் கிராமங்கள் அழிந்ததும் உண்மை. கிறிஸ்தவ நண்பர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டுவதே இல்லை.

அந்த இரவில் கிழக்கு ஜாவாவின் மோஜோகெர்தோவில் எபென்ஹேசர் தேவாலயத்துக்கு ரியாந்தோ என்ற 25 வயது இளைஞர் காவல் நின்றார். நஹ்தத்துல் உலமாவின் இளைஞர் படையைச் சேர்ந்த முஸ்லிம். சந்தேகமான பொட்டலம் ஒன்று கண்ணில் பட்டது. குண்டு என்று தெரிந்ததும் கூட்டத்திடமிருந்து விலக்கிக் கொண்டுபோனார். அவர் கையில் வெடித்தது. அந்த ஊரில் இன்று ஒரு சாலைக்கு அவர் பெயர். அவர் எந்த வசனத்தையும் யாரிடமும் எடுத்துக்காட்டியதாகப் பதிவு இல்லை.

மலேசியாவில் நம் முறை 2010இல் வந்தது. கத்தோலிக்க வார இதழான ஹெரால்டு தன் மலாய்ப் பக்கங்களில் ‘அல்லா’ என்ற சொல்லைப் பயன்படுத்தலாம் என்று 2009 டிசம்பர் 31 அன்று உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜனவரி 8 அன்று கோலாலம்பூரில் மெட்ரோ தபெர்னக்கல் தேவாலயம் எரிந்தது. ஜொகூரில், 14ஆம் தேதி கோத்தா திங்கி கத்தோலிக்க தேவாலயத்தின்மீது சிவப்புச் சாயம் ஊற்றினார்கள். 21ஆம் தேதி மூவாரில் இரண்டு சூராவ்களுக்குத் தீ வைத்தார்கள். (ஹெரால்டுக்குத் தமிழ்ப் பக்கங்களும் உண்டு. அவற்றில் இந்தச் சிக்கல் எழவில்லை. இறைவன் என்ற சொல்லைத் தமிழில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் சைவரும் எந்த நீதிமன்றத்துக்கும் போகாமல் பங்கிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.)

கண்டனம் உடனே வந்தது. பிரதமர் நஜிப் எரிந்த தேவாலயத்துக்குப் போய் ஐந்து லட்சம் ரிங்கிட் அறிவித்தார். முஸ்லிம் அமைப்புகள் தேவாலயங்களுக்குக் காவல் நிற்க முன்வந்தன. தீ வைத்த இரண்டு சகோதரர்கள் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போய், வாட்டும்போது சுட்டுக்கொண்டோம் என்று சொல்லி மாட்டிக்கொண்டார்கள். ஆளுக்கு ஐந்து ஆண்டு. ஆனால் 2014இல் கூட்டரசு நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ஹெரால்டின் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது. தீ வைத்தவனைக் கண்டித்த பலர் அந்த முடிவைக் கொண்டாடினார்கள். தீயைக் கண்டிப்பது எளிதான பாதி, பக்கத்து வீட்டுக்காரன் தன் கடவுளை எந்தப் பெயரில் கூப்பிடுவது என்பதை அவனிடமே விடுவது கஷ்டமான பாதி. 2017இல் மூவாரில் ஒரு டோபிக் கடை முஸ்லிம்களுக்கு மட்டும் என்று பலகை வைத்தபோது, இது தாலிபான் மாநிலம் இல்லை என்று கோபப்பட்டு எடுக்கச் சொன்னவர் ஜொகூர் சுல்தான் இப்ராஹிம். அங்கே ரத்தம் எதுவும் சிந்தவில்லை. எனக்கென்னவோ, நம் ஊரில் இந்தக் கேள்விக்கு வந்த நேரான பதில்களில் அது ஒன்று என்று தோன்றுகிறது.

தமிழர்களாகிய நாம் இந்த விவாதத்தில் வெளியாட்கள் மாதிரி நின்று கேட்கிறோம். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கும் அதிகமானோரைக் கொன்ற கூட்டத்தின் தலைவன் சஹ்ரான் ஹாஷிம் தமிழில்தான் பிரசங்கம் செய்தான். மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் செத்தவர்களும் தமிழ் பேசியவர்கள், அவர்களில் பலர் குழந்தைகள். சஹ்ரானின் சொந்த ஊரான காத்தான்குடியில் அவன் கூட்டம் முதலில் அடிக்கப் போனது சூஃபி முஸ்லிம்களை. 2017 மார்ச்சில் அந்த மோதலுக்குப் பிறகுதான் அவன் தலைமறைவானான். குண்டுதாரிகளின் உடல்களை அடக்க எந்தப் பள்ளிவாசலும் இடம் தராது என்று அறிவித்தது அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா.

அதே காத்தான்குடியில், 1990 ஆகஸ்ட் 3 அன்று, இரவுத் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் இரண்டு பள்ளிவாசல்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். புலிகள் மறுத்தார்கள். அந்த மறுப்பை ஊரில் யாரும் நம்பவில்லை. அன்று ‘உங்க தமிழ் இதைக் கண்டிக்குதா இல்லையா, ஒரே வார்த்தையில சொல்லுங்க’ என்று ஜொகூர் பாருவில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த தமிழரிடம் எந்த மாமாக் கடைக்காரராவது கேட்டிருப்பாரா? சில மாதங்களில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். அதற்கு அன்டன் பாலசிங்கம் கிளிநொச்சியில் வருத்தம் தெரிவித்தது 2002 ஏப்ரலில். பள்ளிவாசல் சுவரில் தோட்டாத் துளைகளைப் பூசாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.