ஆவியில் வெந்த காய்கறி

1976ஆம் ஆண்டில் சீன தேசத்தின் அன்யாங் நகருக்கு அண்மையில் தொல்பொருள் ஆய்வாளர் ஒரு கல்லறையைத் திறந்தனர். சாங் வம்சத்து மன்னன் வூ டிங்கின் தேவியருள் ஒருத்தியான பூ ஹாவோ என்பாள் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருந்தாள். படை நடத்திச் சென்ற வீராங்கனை அவள். அவளுடன் வைக்கப்பட்ட போர்க்கருவிகளுக்கிடையே வெண்கலத்தாலான சமையற் கலம் ஒன்றும் கிடைத்தது. அதன் அடிப்பாகம் நீண்ட பெட்டி போன்றது. அதிலே நீர் கொதிக்கும். மேலே வரிசையாக மூன்று பாத்திரங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் துளைகள். ஒரே நெருப்பில், ஒரே நீரினின்றும் எழுகின்ற ஆவியைக் கொண்டு மூன்று உணவுகளை ஒருங்கே அவித்துவிடலாம். ஏறக்குறைய 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்ட கலம் இது. சோறு, சூப்பு, காய்கறி என்று பலவற்றையும் ஆக்கித் தரும் இக்காலத்து மின்சாரக் குக்கரை அவளுடைய சமையற்காரர் காண நேரின், அதன் மின்கம்பியைக் கண்டு மருளுவாரேயன்றி உள்ளே கிடக்கும் துளைத் தட்டைக் கண்டு மருளார்.

அத்தட்டு தமிழருக்கும் புதியதன்று. யாழ்ப்பாணத்து அடுக்களையிலே பானையின் வாயிற் பொருந்தும் பனையோலை நீற்றுப்பெட்டியும், இடியப்பத் தட்டும் செய்யும் வேலை அதுவே. ஆயினும் ஆவியை மாவுப் பண்டங்களுக்கே பெரிதும் பயன்படுத்திய நம் முன்னோர், காய்கறிகளைத் தேங்காய்ப் பாலிலோ புளிக்கரைசலிலோ வேகவைத்துக் கறியாக்கினர். அது குறையன்று. காயினின்றும் நீரிலே கரைந்த சத்து குழம்பிலே நின்றது. குழம்பு சோற்றோடு வயிற்றுக்குப் போயிற்று. கோவாவை நிறைந்த நீரிலே நெடுநேரம் கொதிக்கவைத்து, அந்நீரைக் கொட்டிவிட்டுச் சக்கையை உண்டவர்களுக்கே ஆவிச் சமையலின் அருமையைத் தனியாக எடுத்துச் சொல்லவேண்டியிருந்தது. சென்ட் கியோர்கி என்ற ஹங்கேரிய விஞ்ஞானி, பிற்காலத்தில் விற்றமின் சி என்று அறியப்பட்ட பொருளைப் பிரித்தெடுத்து, 1937ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். அப்பொருள் நீரிலே எளிதிற் கரைவது, வெப்பத்தாலும் அழிவது. ஆவியில் வேகும் காயைச் சூழ்ந்து கொதிநீர் இல்லை. ஆகவே கரைந்தோடும் சத்தின் அளவு மிகக் குறைகிறது.

நீர் தொடாமலே காய் எங்ஙனம் வேகின்றது? ஸ்கொத்லாந்திலே கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருந்த யோசேப் பிளாக் என்பவர் 1760ஆம் ஆண்டை அடுத்து நடத்திய சோதனைகள் இதற்கு விடை தந்தன. ஒரு கிராம் நீரை 0 பாகையிலிருந்து 100 பாகை செல்சியஸ் வரை சூடாக்க 100 கலோரி வெப்பம் போதும். கொதிக்கின்ற அந்நீரை ஆவியாக மாற்றுவதற்கோ மேலும் ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். வெப்பமானியில் இவ்வெப்பம் தோன்றாது. ஆவிக்குள் மறைந்து கிடக்கும். குளிர்ந்த கரற் துண்டின்மேல் ஆவி பட்டு நீர்த்துளியாகும் கணத்தில், மறைந்திருந்த வெப்பம் முழுவதும் கரற்றுக்குள் இறங்குகிறது. ஆவி சுட்ட புண் கொதிநீர் சுட்ட புண்ணிலும் கொடியதாயிருப்பதற்குக் காரணமும் இதுவே. இடியப்பத் தட்டை அவசரமாக இறக்கியவர்களுக்குப் பிளாக்கின் சோதனை தேவையில்லை.

ஆவியை வெளியே விடாது அடைத்துவைத்தால் என்ன நிகழும் என்று பார்த்தவர் டெனி பப்பின் என்ற பிரெஞ்சுக்காரர். இலண்டனில் றொபேட் பொயிலின் ஆய்வுகூடத்தில் உதவியாளராய்ப் பணிபுரிந்த அவர், 1679ஆம் ஆண்டில் இறுக்கமான மூடியுடைய கலமொன்றை அமைத்தார். அழுத்தம் கூடக்கூட நீர் கொதிக்கும் வெப்பநிலையும் 100 பாகைக்கு மேல் ஏறும். அழுத்தம் எல்லை மீறினால் கலம் வெடிக்குமாதலால், பாரம் கட்டிய நெம்புகோலால் அழுத்தப்பட்ட அடைப்பொன்றை மூடியிற் பொருத்தினார். மிகுதியான ஆவி அதனைத் தூக்கிக்கொண்டு வெளியேறும். 1682ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள் றோயல் சங்கத்தார் சிலர் இக்கலத்திற் சமைத்த விருந்தை உண்டனர். அவர்களுள் ஒருவரான யோன் ஈவ்லின் அதனைத் தமது நாட்குறிப்பில் வியந்து எழுதியுள்ளார். எட்டு அவுன்சுக்கும் குறைந்த நிலக்கரியில் மாட்டெலும்பு பாற்கட்டிபோல் மென்மையாயிற்றாம். விறகும் கரியும் விலையேறிய நகரிலே இது சிறிய செய்தியன்று. எனினும் பப்பினுக்கு அதனால் வாழ்வு மலரவில்லை. அவர் புரட்டஸ்தாந்தர், 1685ஆம் ஆண்டில் பிரான்சிய மன்னன் அச்சமயத்தாரின் உரிமைகளைப் பறித்தபின் தாய்நாடு திரும்ப வழியில்லாது போயிற்று. பல நாடுகளில் அலைந்து, 1713ஆம் ஆண்டில் இலண்டனில் வறியவராய் இறந்தார்.

துளைத் தட்டு இருந்தது. இறுகிய மூடியும் பாதுகாப்பு அடைப்பும் வந்துவிட்டன. ஆனால் அடுப்பின் அருகே ஒருவர் நிற்கவேண்டிய நிலை மாறவில்லை. அவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருந்தார். யப்பானிலே இல்லத்தரசியர் விடியுமுன் எழுந்து விறகடுப்பின் முன்னிருந்து, தீயை ஏற்றியும் தணித்தும் சோறாக்கினர். தோஷிபாக் கம்பனியில் துணி துவைக்கும் யந்திர விற்பனையில் ஈடுபட்டிருந்த யமதா ஷோகோ என்பவரிடம், துவைப்பதிலும் மூன்று வேளையும் சோறாக்குவதே பெரும்பாடு என்று பெண்கள் முறையிட்டனர். அவர் அவ்வேலையை மினாமி யோஷிததா என்ற சிறு தொழிற்சாலை உரிமையாளரிடம் ஒப்படைத்தார். மினாமிக்கு மின்சாரம் தெரியும், சோறாக்கத் தெரியாது. ஆகவே சோதனைப் பாரம் அவருடைய மனைவி பூமிகோவின்மேல் விழுந்தது. நாள்தோறும் அரிசியை உலையிலிட்டு, நேரத்தையும் வெப்பத்தையும் அளந்து குறித்தார் அவ்வம்மையார். குளிர்காலப் பனியிலும் கோடை வெயிலிலும் கலத்தை வெளியே வைத்துச் சோதித்தார். வீட்டை அடகு வைத்துத்தான் செலவுக்குப் பணம் தேடினர்.

கொதி வந்தபின் ஏறத்தாழ 20 நிமிடம் என்பது அவர்கள் கண்ட கணக்கு. அதனை அளப்பதற்கு மணிக்கூடு வேண்டியிருக்கவில்லை. உட்கலத்தில் அரிசியை வைத்து, வெளிக்கலத்தில் ஒரு குவளை நீர் விட்டனர். அந்நீர் முழுவதும் ஆவியாகிப்போக 20 நிமிடமாகும். நீர் உள்ளவரை வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. நீர் வற்றியதும் வெப்பம் சட்டென ஏறும், இரு வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த தகடு வளையும், மின்னோட்டம் அறுந்துவிடும். ஆவியே அங்கு மணிக்கூடாயிற்று. 1955ஆம் ஆண்டு டிசெம்பரில் அக்குக்கர் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள் யப்பானிய வீடுகளெங்கும் பரவியது. பூமிகோ நெடுநாள் வாழவில்லை. கணவரின் பெயரைச் சொல்லும் நூல்கள் பலவற்றில் அவருடைய பெயர் இடம்பெறவில்லை.

பப்பினின் மூடியும் மினாமி தம்பதியரின் தானியங்கு விசையும் பின்னர் ஒரே கலத்திற் கூடின. கனடாவின் ஒட்டாவா நகரில் றொபேட் வாங் என்பவரும் அவர்தம் தோழரும் உருவாக்கி 2010ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த இன்ஸ்டன்ட் பொட் இவ்வகையில் பெயர்பெற்றது. அதன் அடியில் ஒரு குவளை நீர் விட்டு, தட்டின்மேல் காய்கறியைப் பரப்பி மூடினால், உள்ளே வெப்பம் ஏறத்தாழ 115 பாகை வரை உயரும். உருளைக்கிழங்குக்கும் பீற்றூட்டுக்கும் அது நன்று. போஞ்சி, கோவா, கீரை ஆகியவற்றுக்கோ அவ்வளவு வெப்பம் மிகை. அழுத்தமில்லாத ஆவியில் சில நிமிடமே போதும். பச்சையிலையின் நிறத்தைத் தருவது மக்னீசியம் அடங்கிய பச்சையம். வெந்த இலையினின்றும் கசியும் அமிலம் அந்த மக்னீசியத்தை வெளியேற்றும்போது, பசுமை மங்கிப் பழுப்புச் சாயல் ஏறுகிறது. மணி ஒலித்தபின்னும் யந்திரம் முற்றாக ஓய்வதில்லை. உணவு ஆறாதிருக்கத் தாழ்ந்த சூட்டைக் காத்துநிற்கும். சோற்றுக்கு அது உபகாரம். போஞ்சிக்கோ, மூடியைத் திறந்து வெளியே எடுக்க ஒருவர் அப்பொழுதே வரவேண்டும்.