மூன்றில் ஒரு பங்கு

அடையாறு தோல் ஆராய்ச்சி நிலையத்தை பஸ்ஸிலிருந்து பார்க்காதவர் நம்மில் உண்டா? 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்த ஜி.என். ராமச்சந்திரனுக்கு, கொலாஜன் மாதிரி தந்து உதவியது பக்கத்திலிருந்த அந்த நிலையம்தான். தோலுக்கு உறுதி தரும் புரதம் அது.

எக்ஸ்-ரே படம் மட்டும் போதவில்லை. கொலாஜனின் அமினோ அமிலங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்றது இரசாயனப் பகுப்பாய்வு. என்னைப் போன்ற இன்ஜினீயருக்குப் பிடித்த இடம் இதுதான். மூன்று இழைகள் ஒட்டி நின்றால் நடுவில் இடம் ரொம்பக் குறைச்சல். மிகச் சிறியதான கிளைசின்தான் அங்கே நுழையும். 1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இழைகள் சடைபோல் முறுக்கியிருப்பதாக 1955-ல் திருத்தினார்கள்.

அணுக்கள் அவ்வளவு நெருங்க முடியாது என்று கிரிக்கும் ரிச்சும் மறுத்தார்கள். எவ்வளவுதான் நெருங்கலாம் என்று கணக்குப் போடப்போய், 1963-ல் பிறந்ததுதான் ராமச்சந்திரன் வரைபடம்.