ஜோடி சேராத பேட்டரிகளும் குட்டி ஹெலிகாப்டர்களும்

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் குட்டி ஹெலிகாப்டரைப் பலர் பொம்மை என்றுதான் நினைக்கிறார்கள். ஆனால் அதன் மூக்கில் உட்கார்ந்திருக்கும் பேட்டரிக்குப் பின்னால் ஒரு சுவாரஸ்யமான வரலாறு இருக்கிறது.

ஆரம்பத்தில் பேட்டரிக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் 1970ல் சாதனை படைத்த மாடல் ஹெலிகாப்டர் எரிபொருள் எஞ்சினில்தான் பறந்தது. ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் மட்டுமே பேட்டரி. காரணம் எளிது. விமானத்தை இறக்கை தாங்கும். ஹெலிகாப்டருக்கோ அந்தரத்தில் சும்மா நிற்பதற்கே சக்தி வேண்டும். அன்றைய நிக்கல் காட்மியம் பேட்டரி அதற்கு ரொம்பவே கனம்.

ஆனால் அந்தப் பழைய பேட்டரிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தவறை ஓரளவு மன்னிக்கும்! வரிசையில் ஒரு செல் முதலில் நிரம்பிவிட்டாலும், மெதுவாக சார்ஜ் செய்தால் கூடுதல் மின்சாரத்தை வெப்பமாக வெளியேற்றிவிட்டு மற்ற செல்களுக்காகக் காத்திருக்கும்.

1991ல் சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கேமரா, செல்போன், லேப்டாப் என்று பரவி, 2000களில் லித்தியம் பாலிமர் (லிப்போ) வடிவில் மாடல் ஹெலிகாப்டருக்குள்ளும் நுழைந்தது. நிக்கல் காட்மியம் செல் 1.2 வோல்ட். லிப்போ செல் 3.7 வோல்ட், எடையும் குறைவு. தைவானின் அலைன் நிறுவனத்தின் டி-ரெக்ஸ் 450 மூன்று செல்லில் பறந்தது. பின்னர் வந்த 500 ரகத்துக்கு ஆறு செல் தேவைப்பட்டது.

இங்கேதான் சிக்கல் தொடங்கியது. ஆறு செல் பேட்டரி விலை அதிகம். கையில் ஏற்கனவே மூன்று செல் பேக்குகள் இருக்கின்றன. இரண்டைத் தொடராக இணைத்தால் போதுமே? கணக்கு சரிதான். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் வேலையும் செய்யும். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால்?

ஒரு பேக் 2200 மில்லி ஆம்பியர் மணி, மற்றது 1500 என்று வைத்துக்கொள்வோம். தொடர் இணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும். 30 ஆம்பியர் இழுத்தால் சின்னது 3 நிமிடத்தில் காலி. பெரியதில் இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் பாக்கி இருக்கும். மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கருவி மொத்த வோல்டேஜை மட்டும்தான் பார்க்கிறது. செல்லுக்கு 3 வோல்ட் வீதம் 18 வோல்ட்டில் அது நிறுத்த வேண்டும். பெரிய பேக் செல்கள் 3.6, சின்ன பேக் செல்கள் 2.5 என்றால் கூட்டினால் 18.3. எல்லாம் நலம் என்று பறக்கவிடும்! இப்படி அளவுக்கு மீறிக் காலியாகும் செல் உப்பிவிடும். அடுத்த முறை சார்ஜ் செய்யும்போது தீப்பிடிக்கவும் கூடும்.

இணையாகச் சேர்த்தால் ஆபத்து வேறு மாதிரி. முழுதாக சார்ஜ் ஆன 12.6 வோல்ட் பேக்கை 11.1 வோல்ட் பேக்கோடு இணைத்தால் வித்தியாசம் வெறும் 1.5 வோல்ட். ஆனால் உள் மின்தடை இரண்டுக்கும் சேர்த்து 0.05 ஓம் என்றால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு 30 ஆம்பியர் பாயும்! 2200 பேக்கை வழக்கமாக சார்ஜ் செய்வது 2.2 ஆம்பியரில்தான்.

ஒவ்வொரு செல்லையும் தனியாக அளக்கும் பேலன்ஸ் வயரும் சார்ஜரும் 2000களின் நடுவில் பரவலானது இதனால்தான். ஆனால் பேலன்ஸ் சார்ஜர் எல்லா செல்களையும் 4.2 வோல்ட்டுக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். பழைய செல்லின் இழந்த கொள்ளளவைத் திருப்பித் தராது. ஆகவே அனுபவசாலிகள் ஒரே நிறுவனம், ஒரே அளவு பேக்குகள் இரண்டை ஒன்றாக வாங்கி, எண் எழுதி, கடைசிவரை ஜோடியாகவே பயன்படுத்துவார்கள். ஒன்று கெட்டால் மற்றதற்குப் புது ஜோடி தேடமாட்டார்கள். அதைத் தனியாக 450ல் ஓட்டுவார்கள்.

ஒரு பேட்டரியின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் ஹெலிகாப்டரையே, சில சமயம் வீட்டையே பணயம் வைப்பது எந்தக் கணக்கிலும் லாபம் இல்லையே!