கடற்கரையில் கிடைக்கும் கலர் 'கற்கள்'... உடைந்த பாட்டிலை கடல் எப்படி மெருகேற்றுகிறது?

கண்டமங்கலம், விழுப்புரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கடல் பார்க்கணும்னா புதுச்சேரிதான். அங்கே கிளிஞ்சல் பொறுக்கும்போது பச்சையாகவோ, பழுப்பாகவோ ஒரு வழவழப்பான துண்டு கையில் சிக்கினால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது கல் இல்லை. எப்போதோ உடைந்த பாட்டிலாக இருக்கலாம். இதைத்தான் 'சீ கிளாஸ்', அதாவது கடல் கண்ணாடி என்கிறார்கள். பார்க்க அழகுதான். ஆனால், இந்த அழகு வருவதற்கு முன்னால் நீண்ட ஆபத்தான காலம் ஒன்று இருக்கிறது.

மணல் செய்யும் வேலை என்ன?

ஒரு பொருளின் கடினத்தன்மையை மோஸ் அளவுகோலில் 1 முதல் 10 வரை குறிப்பார்கள். சாதாரண கண்ணாடிக்கு சுமார் 5.5. கடற்கரை மணலில் அதிகம் இருக்கும் குவார்ட்ஸுக்கு 7. அதனால் மணல் உரசினால் கண்ணாடியில் கீறல் விழும். அலை ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் துண்டு உருளும், மணலிலும் கல்லிலும் உரசும். துருத்திக்கொண்டிருக்கும் கூர் முனைகள்தான் முதலில் தேயும். மெல்லிய துண்டுகள் சீக்கிரம் நொறுங்கிவிடும். பாட்டிலின் அடிப்பாகம், கழுத்து மாதிரி தடிமனான பகுதிகள் தாக்குப்பிடிக்கும்.

தண்ணீர் செய்யும் வேலை என்ன?

உரசல் மட்டும் போதாது. பாட்டில் கண்ணாடியில் சுமார் 70 சதவீதம் சிலிக்கா, அதாவது மணல். அது எளிதாக உருக சோடாவும், உறுதிக்கு சுண்ணாம்பும் சேர்ப்பார்கள். கடல் நீரில் வருஷக்கணக்கில் கிடக்கும்போது, மேற்பரப்பில் உள்ள சோடியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். அந்த இடத்தில் தண்ணீரில் இருந்து ஹைட்ரஜன் போய் உட்காரும். மேற்பரப்பு முழுக்க கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அதில் ஒளி சிதறுவதால்தான் பனி படர்ந்தது போன்ற மங்கல் தோற்றம். துண்டை நனைத்துப் பாருங்கள்... குழிகளில் தண்ணீர் நிரம்பி, மறுபடியும் பளிச்சென்று தெரியும்!

எவ்வளவு காலம் ஆகும்?

முழுசாக மெருகேற பொதுவாக 20 முதல் 40 ஆண்டுகள், சில நேரம் அதற்கு மேலும் ஆகலாம். அலையின் வேகம், கரையில் இருப்பது கல்லா மணலா, கண்ணாடியின் தடிமன் என எல்லாமே இதை தீர்மானிக்கும்.

கலர் எங்கிருந்து வருகிறது?

கலர் கடல் கொடுப்பது இல்லை, பாட்டிலோடு வந்ததுதான். கோலி சோடா பாட்டிலின் வெளிர் பச்சைக்குக் காரணம் மணலில் இருக்கும் இரும்பு. கரு நீலம் கோபால்ட் கொடுப்பது. பச்சை, பழுப்பு, வெள்ளை அதிகம் கிடைக்கும். சிவப்பு ரொம்ப அபூர்வம்.

உலகில் எங்கே பிரபலம்?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஃபோர்ட் பிராக் நகரில் 1906 முதல் 1967 வரை ஊர்க் குப்பையை கடலோரத்தில்தான் கொட்டினார்கள். இன்று அது 'கிளாஸ் பீச்' என்ற சுற்றுலாத் தலம். அங்குள்ள அரசுப் பூங்கா பகுதியில் கண்ணாடி எடுக்கத் தடை இருக்கிறது. இங்கிலாந்தின் சீஹம் கடற்கரையில் கிடைப்பவை, 1921 வரை அங்கு இயங்கிய பாட்டில் ஆலையின் கழிவுகள்.

துளை இருந்தால் கவனம்!

புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. 1945-ல் மார்டிமர் வீலர் அகழாய்வு செய்த இந்த இடம், சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணிகள் செய்த ஊர். அந்தப் பக்கம் நடுவில் துளையோடு சின்ன மணி கிடைத்தால் அது கடல் கண்ணாடி இல்லை, தொல்பொருளாக இருக்கலாம். பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் எதையும் எடுத்து வரக்கூடாது.

போலியை கண்டுபிடிப்பது எப்படி?

இயந்திரத்தில் உருட்டியோ, அமிலத்தில் நனைத்தோ செய்த துண்டுகளும் விற்கப்படுகின்றன. அவற்றில் மங்கல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். அசலில் பிறை போன்ற குட்டிக் குட்டித் தழும்புகள் தெரியும்.

அப்போ பாட்டிலை கடலில் போடலாமா?

கூடவே கூடாது! இன்று கரையில் உடையும் பாட்டில் வழவழப்பாக மாறுவதற்குள் ஒரு தலைமுறையே போய்விடும். அதுவரை அது கத்திதான். கரைவலை இழுக்கும் மீனவர்களும், மணலில் ஓடும் குழந்தைகளும் வெறுங்காலில்தான் இருப்பார்கள். அதே பாட்டிலை உருக்கினால் திரும்பத் திரும்ப புது பாட்டில் செய்யலாம். காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் தரும் திட்டத்தை, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2022-ல் நீலகிரியில் டாஸ்மாக் தொடங்கியதும் இதற்காகத்தான். அங்கே வன விலங்குகளின் கால். இங்கே மனிதர்களின் கால்.

கடலால் கண்ணாடியை மெருகேற்ற முடியும். ஆனால் அதற்கு அவசரமே கிடையாது. காலி பாட்டிலை கரையில் விடாமல் கையோடு எடுத்து வருவது மட்டும்தான் உடனே நடக்கிற காரியம்.