ஊர்ப்பெயரில் உறைந்த நில வரலாறு

பொருளியல் வகுப்பில் சந்தையைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். ஆங்கிலத்தில் மலிவைக் குறிக்கும் 'சீப்' என்ற சொல்லுக்கும், ஆக்ஸ்போர்டுஷயரின் 'சிப்பிங் நார்ட்டன்' என்ற ஊர்ப்பெயரின் முதற்பகுதிக்கும் வேர் ஒன்றே என்பதைப் பணி ஓய்வுக்குப் பிறகே அறிந்தேன். வணிகம், பேரம் எனப் பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல் அது. 'சிப்பிங்' என்றால் சந்தை.

இங்கிலாந்தின் சிற்றூர்ப் பெயர்களில் பெரும்பாலானவை ஆங்கிலோ-சாக்சன் குடியேறிகள் இட்டவை. 'டன்' என்ற ஈறு பண்ணையைக் குறிக்கும். ஷிப்டன் என்பது ஆட்டுப்பண்ணை. அவர்களுக்கு முன்பே அங்கு வாழ்ந்த பிரிட்டானியரின் கெல்டிக் மொழி, ஆறுகளின் பெயர்களிலும் குன்றுகளின் பெயர்களிலுமே மிகுதியாக எஞ்சியுள்ளது. வூஸ்டர்ஷயரில் 'பிரீடன் ஹில்' என்றொரு குன்று உண்டு. கெல்டிக், பழைய ஆங்கிலம், இன்றைய ஆங்கிலம் என மூன்றிலும் குன்று, குன்று, குன்று என்பதே அதன் பொருள். 'நடுசென்டர்' என்று நாம் சொல்வதைப் போலத்தான்!

என்னை மிகவும் ஈர்த்தது 'பி' என முடியும் பெயர்கள் குறித்த விவாதமே. 'பி' என்றால் டேனிஷ் மொழியில் ஊர். 9-ஆம் நூற்றாண்டில் படையெடுத்து வந்த டேனியர் குடியேறிய லிங்கன்ஷயர், யார்க்ஷயர் பகுதிகளில் இத்தகைய ஊர்கள் ஏராளம். ஆனால், அந்தப் படைகளில் இருந்தவர்கள் சில நூறு பேரே என்று 1962-இல் வாதிட்டார் வரலாற்றாசிரியர் பீட்டர் சாயர். அவ்வாறெனில் இத்தனை ஊர்களுக்குப் பெயரிட்டவர் யார்?

1965-இல் கென்னத் கேமரன் இப்பெயர்களை நிலவியல் வரைபடத்தோடு ஒப்பிட்டார். நல்ல விளைநிலங்களில் பெரிதும் ஆங்கிலப் பெயர் கொண்ட ஊர்களே இருந்தன. 'பி' ஊர்களோ பெரும்பாலும் சிற்றோடைக் கரைகளிலும் வளம் குறைந்த இடங்களிலும் அமைந்திருந்தன. வளமான நிலம் முதலில் உழப்படும், பின்வருவோர் அடுத்த தரத்துக்கு நகர்வர் என்ற ரிக்கார்டோவின் வாரக் கோட்பாடே என் நினைவுக்கு வந்தது. படைக்குப் பின்னால் உழவர்களும் பெருமளவில் வந்தனர் என்பது கேமரனின் முடிவு. பெரும் பண்ணைகள் துண்டாடப்பட்டபோது பழைய ஊர்களே புதுப்பெயர் பெற்றிருக்கலாம் என்று மறுப்போரும் உளர். அம்மறுப்பைத் தள்ள இயலாது. ஆயினும் மண்ணின் சான்று கேமரன் பக்கமே சாய்கிறது என்பது என் கருத்து.

இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பிப் பொருள் கூறுவது ஆபத்து. 1086-ஆம் ஆண்டின் 'டூம்ஸ்டே' நிலப் பதிவேடு போன்ற பழைய ஆவணங்களில் உள்ள வடிவங்களைப் பார்த்தாக வேண்டும். 1923-இல் தொடங்கப்பட்ட ஆங்கில இடப்பெயர்க் கழகம் இப்பணியை மாவட்டவாரியாகச் செய்துவருகிறது. 'வால்டன்' என்ற பெயரில் பல ஊர்கள் உள்ளன. சிலவற்றில் முதற்பகுதி சுவரையோ காட்டையோ குறிக்கும். மற்றவற்றில் அது பிரிட்டானியரைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். அதற்கு 'அந்நியர்' என்றும் பொருள். 'அடிமை' என்றும் பொருள்.